கார்டு எழுதுவது, வரிசைப்படுத்துவது, பாயிண்ட் போடுவது: அஜைல் அணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மென்பொருளைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்து முடிக்கும் அஜைல் முறையில் வேலை செய்யும் அணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களை ஒரு மீட்டிங்கில் உட்கார வைத்திருப்பார்கள். ஒருவர் திரையில் ஒரு கார்டை (செய்ய வேண்டிய ஒரு வேலையின் குறிப்பு) திறந்து, இரண்டு வரி வாசித்துவிட்டு, "எத்தனை பாயிண்ட் போடலாம்?" என்று கேட்டிருப்பார். ஆளாளுக்கு ஓர் எண் சொல்லியிருப்பார்கள், நீங்களும் பெரும்பாலானவர்கள் சொன்ன எண்ணையே சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, கார்டு ஏன் அப்படி எழுதப்பட்டிருந்தது, பட்டியலில் அது ஏன் மூன்றாவதாக இருந்தது என்பதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேவையை எழுதுவது, வரிசையாக்குவது, அளவு போடுவது என்று மூன்றையும் தனித்தனிப் பாடமாக நடத்துவார்கள். என் அனுபவத்தில் மூன்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: ஒரே விஷயத்தை அணியில் ஒவ்வொருவரும் வேறு வேறாகப் புரிந்து வைத்திருப்பதை, நிரல் எழுதத் தொடங்கும் முன்பே வெளியே இழுத்துப் போடுவது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு நூலகச் செயலியை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர்கள் அதில் புத்தகம் தேடலாம், வேறு யாரோ எடுத்துப் போயிருக்கும் புத்தகத்துக்கு முன்பதிவு போடலாம். கடைசிவரை இதையே வைத்துப் பேசுகிறேன்.

முதல் படி: கார்டை எழுதுங்கள், ஆனால் முழுவதையும் எழுதாதீர்கள்

1990களின் பிற்பகுதியில் கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளைச் செய்துகொண்டிருந்த அணியில், கென்ட் பெக்கும் மற்றவர்களும் தேவைகளைச் சின்ன அட்டைகளில் கையால் எழுதி வைத்தார்கள். பிறகு எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்று பெயர் பெற்ற முறை அங்கேதான் உருவெடுத்தது. அட்டை சின்னதாக இருந்ததில் ஒரு வசதி உண்டு. எல்லா விவரமும் அதில் அடங்காது, அதனால் மீதியை ஆளிடம் போய்க் கேட்டே ஆக வேண்டும். அதே அணியில் இருந்த ரான் ஜெஃப்ரிஸ் 2001இல் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல். இன்று நாம் ஜிரா, டிரெல்லோ போன்ற மென்பொருளில் எழுதுகிறோம், எழுதும் பெட்டிக்கு எல்லையே இல்லை, ஆகவே மூன்று பக்கத்துக்கு எழுதிவிட்டு உரையாடலை விட்டுவிடுகிறோம். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் பெரியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நிறைய எழுதியிருப்பதைப் பார்த்தால் வேலை முடிந்துவிட்டதுபோலவே இருக்கும்.

கார்டில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: யாருக்கு, என்ன, எதற்காக. "இன்னாராக, எனக்கு இது வேண்டும், ஏனென்றால் இதற்காக" என்ற வடிவத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், லண்டனில் இருந்த கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் 2001வாக்கில் பிறந்த வடிவம் அது. ஆங்கில வாக்கியத்தில் "எதற்காக" கடைசியில் வருவதால், அவசரத்தில் எழுதுகிறவர்கள் முதலில் கைவிடுவதும் அதைத்தான். நமக்கு அந்தப் பிரச்சினை இருக்க வேண்டியதில்லை. தமிழில் காரணத்தை முதலில் சொல்லி, வினையில் போய் முடிப்பதுதான் இயல்பு. அப்படியே எழுதிப் பாருங்கள்:

"புத்தகம் திரும்பி வந்திருக்கிறதா என்று தினமும் வந்து பார்க்காமல் இருப்பதற்காக, வெளியே போயிருக்கும் புத்தகத்தை உறுப்பினர் முன்பதிவு செய்ய வேண்டும்."

காரணம் முதலில் வந்ததும் என்ன ஆகிறது பாருங்கள். முன்பதிவு பொத்தான் மட்டும் செய்து கொடுத்தால் இந்தக் கார்டு முடியாது என்பது வாசிக்கும்போதே தெரிகிறது, புத்தகம் வந்ததும் அவருக்குத் தகவல் போக வேண்டும், இல்லாவிட்டால் அவர் தினமும் வந்து பார்க்கத்தான் போகிறார். காரணத்தை எழுதாமல் "முன்பதிவு வசதி" என்று மட்டும் எழுதியிருந்தால் இது டெஸ்டிங் வரைக்கும் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

"யாருக்கு" என்ற இடத்தில் "பயனர்" என்று மட்டும் போடாதீர்கள். நூலகச் செயலியில் உறுப்பினரும் பயனர், நூலகரும் பயனர். நூலகருக்கு வேண்டியது முன்பதிவு போடுவதே கிடையாது, எந்தப் புத்தகத்தை யாருக்காக எடுத்து வைக்க வேண்டும் என்ற பட்டியல். அது இன்னொரு கார்டு.

இரண்டாம் படி: எப்போது முடிந்தது என்று சொல்லுங்கள்

ஜெஃப்ரிஸ் சொன்ன மூன்றாவது பகுதி, உறுதிப்படுத்தல். பெரும்பாலான அணிகளில் இதை ஏற்பு நிபந்தனைகள் என்பார்கள், பேச்சில் 'ஏசி' (அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா) என்றே சுருக்கிவிடுவார்கள். "வேகமாக இருக்க வேண்டும்", "எளிதாக இருக்க வேண்டும்" என்பவை நிபந்தனைகள் ஆகாது, ஒருவர் முடிந்தது என்பார், இன்னொருவர் இல்லை என்பார், இருவருமே சரியாக இருப்பார்கள். நிபந்தனையை ஒரு சம்பவமாக எழுதினால் இந்தத் தொல்லை பாதி குறையும்: என்ன நிலைமை, யார் என்ன செய்தார், என்ன நடக்க வேண்டும். டான் நார்த் பரப்பிய பிடிடி (பிஹேவியர் டிரிவன் டெவலப்மென்ட்) முறையில் வரும் "கிவன், வென், தென்" இதுதான். தமிழில் இப்படி வரும்:

ஒரு புத்தகத்துக்கு மூன்று பேர் முன்பதிவு செய்திருக்கும்போது, புத்தகம் திரும்பி வந்தால், முதலில் பதிவு செய்தவருக்கு மட்டும் தகவல் போக வேண்டும்.
தகவல் போய் 2 நாளுக்குள் அவர் வந்து எடுக்காவிட்டால், அவருடைய முன்பதிவு நீங்கி அடுத்தவருக்குத் தகவல் போக வேண்டும்.
புத்தகம் அலமாரியிலேயே இருந்தால், முன்பதிவு பொத்தான் தெரியக் கூடாது.

நான்கைந்து வரிக்குமேல் போனால் அநேகமாக அது ஒரு கார்டு இல்லை, இரண்டு கார்டு. இந்த வரிகளை புராடக்ட் ஓனர் (எதைச் செய்வது என்று முடிவெடுப்பவர்) தனியாக உட்கார்ந்து எழுதாமல், ஒரு டெவலப்பரையும் ஒரு டெஸ்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. "2 நாள் என்றால் விடுமுறை நாளும் சேர்த்தா?" என்று டெஸ்டர் கேட்பார். அந்தக் கேள்வி இன்றைக்கே வந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: பெரியதை உடைக்கும்போது நெடுக்கில் வெட்டுங்கள்

ஒரு ஸ்பிரிண்டில், அதாவது அணி வேலை செய்யும் ஒரு சுற்றில், முடியாத அளவுக்குப் பெரிய கார்டு வந்தால் உடைத்தாக வேண்டும். டெவலப்பர்களுக்குக் கை போகும் வழி தெரிந்ததுதான்: டேட்டாபேஸ் ஒரு கார்டு, ஏபிஐ (திரையும் டேட்டாபேஸும் பேசிக்கொள்ளும் இணைப்பு) ஒரு கார்டு, திரை ஒரு கார்டு. இப்படி அடுக்கு அடுக்காக உடைத்தால் மூன்றில் இரண்டு முடிந்த பிறகும் உறுப்பினருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது, எங்கே தப்பாகப் புரிந்துகொண்டோம் என்பது மூன்றாவதும் முடிந்த பிறகுதான் தெரியும்.

நெடுக்கில் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் திரையிலிருந்து டேட்டாபேஸ் வரை போய், சின்னதாகவாவது ஒரு பயனைக் கொடுக்கும். முதல் கார்டில் ஒருவர் மட்டும் முன்பதிவு செய்யலாம், புத்தகம் வந்ததும் ஒரு மின்னஞ்சல் போகும். அடுத்த கார்டில் வரிசை. அதற்கடுத்து 2 நாள் காலக்கெடு. அப்புறம் முன்பதிவை ரத்து செய்வது. எங்கே வெட்டுவது என்று தெரியாவிட்டால், ஏற்பு நிபந்தனைகளையே பாருங்கள், ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு கார்டாக நிற்குமா என்று கேளுங்கள். பல நேரம் நிற்கும்.

ஒரு கார்டு நல்லபடி இருக்கிறதா என்று பார்க்க பில் வேக் 2003இல் ஆறு குணங்களைச் சொன்னார்: தனித்து நிற்க வேண்டும், பேசி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், யாருக்காவது பயன்பட வேண்டும், அளவு சொல்ல முடிய வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். ஆறும் ஒரே கார்டில் அமைவது அபூர்வம். பயனும் சோதனையும் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

நான்காம் படி: ஒரே வரிசை

இனி பேக்லாக், அதாவது செய்ய வேண்டிய கார்டுகளின் பட்டியல். எல்லாக் கார்டுக்கும் "ஹை", "மீடியம்", "லோ" என்று முத்திரை குத்துவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் ஹை ஆகிவிடும், ஏனென்றால் தன் வேலை லோ என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வரிசை என்றால் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, ஓர் இடத்தில் ஒன்றுதான். ஸ்க்ரம் என்ற அஜைல் முறைக்கான அதிகாரபூர்வ வழிகாட்டியிலும் 2011 பதிப்பில் "முன்னுரிமை தரப்பட்ட" என்ற சொல்லை எடுத்துவிட்டு "வரிசைப்படுத்தப்பட்ட" என்று மாற்றினார்கள். சின்னச் சொல் மாற்றம்தான், ஆனால் இரண்டு கார்டு ஒரே இடத்தில் உட்கார முடியாது என்றதும் ஆட்கள் பேசியே ஆக வேண்டியிருக்கிறது.

வெளியீட்டுத் தேதி நிச்சயமாகிவிட்டது, எல்லாம் அடங்காது என்ற நிலைமையில் மாஸ்கோ முறை (மஸ்ட், ஷுட், குட், வோன்ட் என்ற சொற்களின் முதலெழுத்துகளால் வந்த பெயர்) கைகொடுக்கும். 1994இல் டை கிளெக் உருவாக்கியது: கட்டாயம் வேண்டியவை, முக்கியமானவை, இருந்தால் நல்லது, இந்த முறை வேண்டாம். இதைப் பரப்பிய டிஎஸ்டிஎம் என்ற இன்னொரு அஜைல் முறையில் ஒரு கட்டுப்பாடும் உண்டு, "கட்டாயம்" என்று குறித்தவை மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் எல்லாமே கட்டாயமாகிவிடும், பழைய ஹை, மீடியம், லோ கதைதான்.

இரண்டு கார்டில் எது முன்னால் என்று சண்டை வந்தால், "எது முக்கியம்?" என்று கேட்காமல் "எதைத் தள்ளிப்போட்டால் அதிக நஷ்டம்?" என்று கேளுங்கள். டான் ரைனர்ட்சன் தாமதத்தின் விலை என்று பேசுவது இதைத்தான். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். முதல் வேலை 4 வாரம் பிடிக்கும், அது இல்லாத ஒவ்வொரு வாரமும் நஷ்டம் 8. இரண்டாவது வேலைக்கு 2 வாரம், வாராந்திர நஷ்டம் 6. நஷ்டம் பெரியதாக இருக்கிறதே என்று முதல் வேலையை முன்னால் செய்தால், அதற்கு 4 வாரம் எட்டெட்டாக 32, அதுவரை காத்திருந்து 6 வாரத்தில் முடியும் இரண்டாவதற்கு 36, மொத்தம் 68. மாற்றிப் போட்டால், இரண்டாவதற்கு 12, முதலாவதற்கு 6 வாரத்துக்கு 48, மொத்தம் 60. நஷ்டத்தைக் காலத்தால் வகுத்துப் பார்த்தால் முதலாவது 2, இரண்டாவது 3. பெரியது வரும் வேலை முன்னால் போக வேண்டும். எண்கள் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, வகுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தாலே போதும்.

இரண்டு விஷயங்கள் இந்தக் கணக்கைப் புரட்டிப் போடும். ஒன்று, ஒரு வேலை முடியாமல் இன்னொன்றைத் தொட முடியாது என்ற சார்பு. இன்னொன்று, அபாயம். குறுஞ்செய்தி அனுப்பும் வெளிச் சேவையோடு நம் செயலி ஒட்டுமா என்றே தெரியவில்லை என்றால், பயன் குறைவாகத் தெரிந்தாலும் அதை மேலே கொண்டுவாருங்கள். ஒட்டாது என்பது கடைசி வாரத்தில் தெரிவதைவிட முதல் வாரத்தில் தெரிவது மேல்.

ஐந்தாம் படி: பாயிண்ட்

ஸ்டோரி பாயிண்ட் என்பது நேரம் கிடையாது. ஒரு வேலை இன்னொரு வேலையைவிட எவ்வளவு பெரியது என்பதற்கான அளவு, அதில் உழைப்பு, சிக்கல், தெரியாதவை மூன்றும் சேர்ந்திருக்கும். ஒரு கல்லைப் பார்த்து இத்தனை கிலோ என்று சொல்ல நமக்கு வராது, இரண்டு கல்லைப் பக்கத்தில் வைத்தால் எது கனம், கிட்டத்தட்ட எத்தனை மடங்கு என்று சொல்லிவிடுவோம். அதேதான். ஆகவே முதலில் அணி எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த, ஏற்கெனவே முடித்த ஒரு கார்டை எடுத்து அதற்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலகச் செயலியில் "ஆசிரியர் பெயரால் தேடுவது" 3 என்று வைப்போம். மற்ற எல்லாவற்றையும் இதோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

எண்கள் 1, 2, 3, 5, 8, 13 என்று போகும், அதற்கு மேல், அளவு போடப் பயன்படும் பல சீட்டுக்கட்டுகளில் 20, 40, 100 இருக்கும். பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் கூடுவது வேண்டுமென்றே செய்தது. பெரிய வேலையில் 14ஆ 15ஆ என்று வாதாடுவதில் அர்த்தம் இல்லை, அந்த அளவுக்கு நமக்கு அது தெரியாது.

அளவு போடும் விளையாட்டு, பிளானிங் போக்கர். ஜேம்ஸ் கிரெனிங் 2002இல் எழுதிவைத்தார், மைக் கோன் 2005இல் தன் புத்தகம் மூலம் பரப்பினார். கார்டை வாசிப்பது, கேள்வி கேட்பது, ஒவ்வொருவரும் மனதில் ஓர் எண்ணைத் தீர்மானிப்பது, பிறகு எல்லோரும் அந்த எண்ணுள்ள சீட்டை ஒரே நேரத்தில் காட்டுவது. ஒரே நேரத்தில் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மூத்தவர் ஒருவர் முதலில் "இது 3தான்" என்றுவிட்டால், 13 என்று நினைத்தவர் 5 என்பார். முதலில் காதில் விழும் எண் மனதை நங்கூரம்போலப் பிடித்து நிறுத்தும் என்று உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974லேயே காட்டினார்கள். புதியவர் நீங்கள் என்றால் இதை நன்றாக நினைவில் வையுங்கள், உங்கள் எண் மற்றவர்களோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

நான் இருந்த ஓர் அணியில் இதேபோன்ற ஒரு வரிசைக் கார்டு வந்தது. ஐந்து பேரில் நான்கு பேர் 3, ஐந்தாவதாக, சேர்ந்து மூன்று வாரமே ஆன பெண் ஒருவர் 13. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், அவர் உடனே "நான் 5னே போட்டுக்கறேன்" என்றார். அணியை நடத்தியவர் விடவில்லை. "வேண்டாம், ஏன் 13ன்னு மட்டும் சொல்லுங்க."

"ஒரே புத்தகத்துக்கு நாலு பிரதி இருந்தா? ரெண்டு பிரதி ஒரே நாள்ல திரும்பி வந்தா, வரிசையில முதல் ரெண்டு பேருக்கும் தகவல் போகணும். முன்பதிவு புத்தகத்துக்கா, பிரதிக்கா?"

யாரும் பதில் சொல்லவில்லை. டேட்டாபேஸில் முன்பதிவைப் பிரதியோடு கட்டிவைத்திருந்தோம். அந்தக் கார்டு அன்றைக்குப் பாயிண்ட் வாங்காமலே திரும்பிப் போய், இரண்டாக உடைந்து வந்தது. அந்தக் கேள்வி அன்று வராமல் இருந்திருந்தால், ஸ்பிரிண்டின் ஒன்பதாம் நாள் வந்திருக்கும்.

ஆகவே எண்கள் வேறுபட்டால் சராசரி எடுக்காதீர்கள். மிகச் சிறிய எண் காட்டியவரும் மிகப் பெரிய எண் காட்டியவரும் ஏன் என்று சொல்லட்டும், மீண்டும் ஒருமுறை காட்டுங்கள். இரண்டாவது சுற்றில் பக்கத்துப் பக்கத்து எண்களாக வந்துவிட்டால் பெரியதை எடுத்துக்கொண்டு நகரலாம். மூன்று சுற்றுக்குப் பிறகும் சேரவில்லை என்றால் குறை கார்டில் இருக்கிறது. யாருக்குமே விஷயம் தெரியாவிட்டால், ஒன்றிரண்டு நாள் என்று எல்லை வைத்து ஒரு ஸ்பைக் போடுங்கள், அதாவது ஆராய்ந்து பதில் மட்டும் கொண்டுவரும் வேலை. பதில் வந்த பிறகு அளவு போடலாம்.

ஆறாம் படி: எண்ணை வைத்து என்ன செய்வது

ஒரு ஸ்பிரிண்டில் முழுதாக முடிந்த கார்டுகளின் பாயிண்ட் கூட்டல், வெலாசிட்டி. 90 சதவீதம் முடிந்த கார்டுக்கு பூஜ்யம்தான், பாதி பாயிண்ட் கொடுக்கும் பழக்கத்தைத் தொடங்கிவிடாதீர்கள். கடைசி ஐந்து ஸ்பிரிண்டில் 18, 24, 21, 15, 22 வந்திருக்கிறது என்றால் சராசரி 20. மீதி வேலை 120 பாயிண்ட் என்றால், 6 ஸ்பிரிண்ட் என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லாதீர்கள். நல்ல வேகத்தில் 5, மோசமான வேகத்தில் 8, ஆகவே "5 முதல் 8 ஸ்பிரிண்ட், இப்போதைக்கு 6 பக்கம்" என்று சொல்லுங்கள். கேட்கிறவருக்கு ஒரே எண்தான் வேண்டும் என்பார், ஆனாலும் வரம்பாகவே சொல்லுங்கள், அவர் அந்த எண்ணை வைத்து வேறு யாருக்கோ வாக்குக் கொடுக்கப் போகிறார்.

ஒரு பாயிண்ட் என்றால் எத்தனை மணி நேரம் என்று அட்டவணை போட வேண்டாம். வெலாசிட்டியை வைத்து இரண்டு அணிகளை ஒப்பிடவும் வேண்டாம். நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒவ்வொரு மாதமும் அணிகளின் வெலாசிட்டியை ஒரே படத்தில் போட்டுக் காட்டினார்கள். இரண்டு மாதத்தில் எங்கள் 3 எல்லாம் 5 ஆயின, யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை, சந்தேகம் வந்தால் பெரிய எண்ணை எடுக்கத் தொடங்கினோம், அவ்வளவுதான். வேலை அதே அளவுதான் முடிந்தது. திட்டமிட அந்த எண்கள் பிறகு உதவவே இல்லை, புதிதாக ஓர் அடிப்படைக் கார்டை வைத்து முதலிலிருந்து தொடங்கினோம்.

பாயிண்டே வேண்டாம், கார்டுகளை ஏறக்குறைய ஒரே அளவுக்கு உடைத்து எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அனுபவமுள்ள அணிக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பில் யூசர் ஸ்டோரி (நாம் கார்டு என்று சொல்லிவந்தது), ஸ்டோரி பாயிண்ட் என்ற சொற்களே கிடையாது, ஆகவே விதிமீறல் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் புதிய அணி என்றால் ஆறு மாதமாவது போக்கர் விளையாடிவிட்டு அதற்குப் போங்கள். 13 காட்டிய அந்தப் பெண்ணின் கேள்வி வெளியே வர அந்தச் சீட்டு தேவைப்பட்டது.

இதெல்லாம் ஒரே நாளில் செய்கிற வேலை இல்லை. வாரம் ஒரு மணி நேரம் ரிஃபைன்மென்டுக்கு (பட்டியலைச் செப்பனிடும் மீட்டிங்) ஒதுக்குங்கள், பட்டியலின் மேல்பகுதியை, அதாவது அடுத்த ஒன்றிரண்டு ஸ்பிரிண்டுக்கான கார்டுகளை மட்டும் விவரமாக எழுதி, நிபந்தனை சேர்த்து, பாயிண்ட் போடுங்கள். நடுவில் இருப்பவை ஒரு வரியாக இருந்தால் போதும். ஆறு மாதமாக அடியிலேயே கிடக்கும் கார்டுகளை, எழுதியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அழித்துவிடுங்கள். உண்மையிலேயே வேண்டியதாக இருந்தால் யாராவது மறுபடி வந்து கேட்பார்கள், அப்போது இன்றைய காரணத்தோடு புதிதாக ஒரு கார்டு எழுதிக்கொள்ளலாம்.